ஜூமில் வேதபாடம் நடத்துகிறவர்களிடம் ஓர் உதவி

ஸ்தோத்திரம் சகோதர சகோதரிகளே. மாற்கு சுவிசேஷத்தை ஒன்பது பேருடன் ஜூமில் படிக்கும் குழுவை நடத்தப் பழகுகிறேன். இலவசக் கணக்கில் 40 நிமிடம்தான்: ஜெபம் 5, வாசிப்பு 5, கலந்துரையாடல் 20, ஜெப விண்ணப்பங்களுக்கு 10. சேர்ந்து வாசித்தால் குரல்கள் முன்பின்னாக வந்து குழம்பும். அதனால் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் மைக்கை அணைத்துவிடுகிறார்கள்.

சிக்கல் கலந்துரையாடலில்தான். இயேசு கடலில் சுழல்காற்றை அமர்த்தும் 4:35-41-இல் "சீஷர்கள் எதற்குப் பயந்தார்கள்?" என்றால், "சுழல்காற்றுக்கு" என்று ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது. காற்று அமர்ந்த பிறகும், 41-ஆம் வசனத்தில், மிகவும் பயந்தார்களே! அந்தப் பயத்தைக் குழுவினரே கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. கேள்வியை எப்படி அமைப்பது? மைக்கைத் திறக்கவே நேரமெடுக்கும் பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைக்கலாமா, அல்லது முந்தின நாளே கேள்வியை வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா? மும்மூன்று பேராக ஜூமின் தனி அறைகளுக்கு அனுப்பினால் 20 நிமிடம் போதுமா?