12 மி.மீ. மேடையில் இண்டக்‌ஷன் ஹாப் உட்காருமா?

அரைகுறை_மேஸ்திரி:

சமையல் மேடையில் பதிக்கிற நான்கு வளைய இண்டக்‌ஷன் ஹாப் (மின் அடுப்பு) ஒன்றை வாங்கிவிட்டேன். வாங்கிய பிறகுதான் கையேட்டைப் புரட்டினேன் (முன்பே புரட்டியிருக்க வேண்டும் என்று தெரியும், வீட்டிலேயே அதற்குப் போதுமான அளவு வாங்கிக் கட்டிக்கொண்டாகிவிட்டது). மேடை குறைந்தது 30 மி.மீ. தடிமன் இருக்க வேண்டுமாம். என் மேடையை முன்னால் நின்று பார்த்தால் 40 மி.மீ. தெரியும், அதனால் நிம்மதியாக இருந்தேன். நேற்று டிராயரைக் கழற்றிவிட்டு உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் குவார்ட்ஸ் கல் வெறும் 12 மி.மீ., முன்னால் தெரிவது ஓரத்தில் கீழ்நோக்கி ஒட்டிய பட்டை!

ஹாபுக்கு வேண்டிய திறப்பு 560 x 490. கண்ணாடி 590 x 520. கண்ணாடிக்குக் கீழே பெட்டி 51 மி.மீ. இறங்குகிறது. மேடையின் ஆழம் 600, கேபினெட் அகலமும் 600, பக்கப் பலகைகள் 18. கீழே டிராயர் இருக்கிறது, அதை விட மனசில்லை. இவ்வளவு மெல்லிய கல் ஹாபின் எடையைத் தாங்குமா? இல்லை, திருப்பிக் கொடுத்துவிடலாமா?

மில்லிக்கணக்கு:

எடையை மறந்துவிடுங்கள். இந்த அளவு ஹாப் 10, 12 கிலோ இருக்கும், தண்ணீர் நிரப்பிய பெரிய பாத்திரம் ஒன்றே அந்த எடைக்குப் பக்கத்தில் வந்துவிடும். அதுவும் கண்ணாடி சுற்றிலும் 15 மி.மீ. கல்லின்மேல் படிந்து உட்காருவதால் எடை ஒரே இடத்தில் இறங்காது.

அந்த 30 எதற்கு என்றால், பெரும்பாலும் கீழே இருக்கிற இடத்துக்காக. 30 மி.மீ. மேடையாக இருந்தால் பெட்டி கல்லுக்குக் கீழே 21 மி.மீ. மட்டும் தொங்கும். உங்கள் 12-இல் 39 தொங்கும். அந்த 18 மி.மீ. வித்தியாசத்தில்தான் டிராயர் இடிக்கும், காற்று அடைபடும். பாத்திரம்தானே சூடாகிறது, அடியில் என்ன சூடு என்று கேட்பார்கள், ஆனால் உள்ளே இருக்கிற சுருளும் மின்னணுப் பலகையும் நன்றாகவே சூடாகும், அதற்காகத்தான் அடியில் ஃபேன். குளிர்ந்த காற்று கிடைக்காவிட்டால் ஹாப் முதலில் தானாகவே பவரைக் குறைக்கும், அப்புறம் ஏதாவது ஒரு பிழை எண்ணைக் காட்டிவிட்டு நின்றுவிடும். நிறைய பேர் இதைப் பார்த்துவிட்டு ஹாப் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

எனவே டேப்பை எடுத்து, கல்லின் மேல்மட்டத்திலிருந்து டிராயரில் உயரமான இடம் எதுவோ அதுவரை அளந்து சொல்லுங்கள். கேபினெட்டின் மேல்விளிம்பு எங்கே இருக்கிறது என்பதும் வேண்டும். இன்னொன்று, பெட்டிக்கும் டிராயருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி கேட்கிறார்கள் என்று கையேட்டில் படம் இருக்கும், அதையும் பாருங்கள்.

அரைகுறை_மேஸ்திரி:

அளந்தேன். ஒரு விஷயம் இப்போதுதான் கண்ணில் பட்டது. கல் நேராகக் கேபினெட் மேல் உட்காரவில்லை, பலகைகளின் மேல் 28 மி.மீ. உயரத்துக்குக் கட்டை வைத்து அதன்மேல் கல்லை வைத்திருக்கிறார்கள். மேல்மட்டத்திலிருந்து டிராயர் வரை 95 மி.மீ. கையேடு பெட்டிக்குக் கீழே 20 மி.மீ. காலியிடமும், டிராயர் இருந்தால் நடுவே ஒரு தடுப்புப் பலகையும் கேட்கிறது. பின்பக்கம் காற்று ஏறி வர வழி விடச் சொல்கிறது.

மில்லிக்கணக்கு:

அட, அப்படியென்றால் உங்களுக்கு வேலை பாதி முடிந்த மாதிரிதான். அந்தக் கட்டைகள் முன்பட்டை டிராயரில் இடிக்காமல் இருக்க வைத்தவை. 12-ம் 28-ம் சேர்ந்து 40, ஆகவே பெட்டி கேபினெட்டுக்குள் 11 மி.மீ. மட்டுமே இறங்கும். 51 பெட்டி, 20 காற்று, 6 மி.மீ. தடுப்பு, மொத்தம் 77. உங்களிடம் 95 இருக்கிறது.

இடிக்கப் போவது வேறு இடத்தில். கேபினெட்டின் மேலே முன்பக்கம் படுக்கையாக ஒரு குறுக்குச் சட்டம் இருக்கும், பெரும்பாலும் 100 மி.மீ. அகலம். பெட்டியின் முன்விளிம்பு சரியாக அதன்மேல் வந்து உட்காரும். அதைக் கழற்றிவிட்டு மெல்லிய இரும்பு ஆங்கிள் போடுங்கள், அல்லது பெட்டி வருகிற அளவுக்கு வெட்டிவிடுங்கள். அப்படியே எடுத்துவிட்டு ஒன்றும் போடாமல் விட வேண்டாம், கேபினெட் கோணிக்கொள்ளும். பக்கவாட்டிலும் கவனம். உள் அகலம் 564தான், திறப்பு 560. கேபினெட்டின் நடுவும் திறப்பின் நடுவும் ஒன்றாக இல்லாவிட்டால், கல்லில் ஓட்டை அழகாக இருக்கும், ஹாப் மட்டும் இறங்காது.

சும்மா_சொல்றேன்:

இவ்வளவு கணக்கு எதற்கு? மேடைமேல் வைக்கிற சின்ன இண்டக்‌ஷன் அடுப்பு இரண்டு வாங்கி வைத்தால் கல்லை வெட்டவே வேண்டாமே. நான் பல வருஷமாக அப்படித்தான் ஓட்டுகிறேன்.

கல்வெட்டு:

மேலே சொன்னவர் தப்பாகச் சொல்லவில்லை, ஆனால் கேள்வி அது இல்லையே.

நான் கல் வேலை செய்கிறவன். தடிமனைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், உடையப் போவது திறப்புக்கு முன்னும் பின்னும் மிஞ்சுகிற கீற்று. 600 ஆழத்தில் 490 வெட்டி எடுத்தால் மிச்சம் 110. பின்னால் 50 விட்டால் முன்னால் 60. அந்த 60 மி.மீ. கீற்றின்மேல்தான் எல்லோரும் கையை ஊன்றுவார்கள். உங்கள் முன்பட்டை ஒழுங்காக ஒட்டப்பட்டிருந்தால் அது ஆங்கிள் மாதிரி நின்று கீற்றைத் தாங்கும், அது நல்லதுதான். பயப்பட வேண்டியது பின்கீற்றுக்கு. பக்கங்களில் ஏற்கெனவே கட்டை இருக்கிறது.

மூலைகளைச் சதுரமாக வெட்ட விடாதீர்கள். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மேடையில் கட்டர் மூலையைத் தாண்டி இரண்டு மி.மீ. ஓடிவிட்டது, கண்ணாடி மறைத்துவிடும் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் மாதம் கூப்பிட்டார்கள், அந்த இரண்டு மி.மீ. முன்விளிம்பு வரை விரிசலாகப் போயிருந்தது. என் கைக்காசில் புதுக் கல் போட்டுக் கொடுத்தேன். இப்போது முதலில் நான்கு மூலையிலும் வட்டத் துளை, குறைந்தது 5 மி.மீ. ஆரம் இருக்க வேண்டும், அப்புறம்தான் துளையிலிருந்து துளைக்கு நேர்வெட்டு.

வெட்டின பிறகு முன்னும் பின்னும் கீற்றுக்கு அடியில் அதே கல்லில் ஒரு துண்டை எபாக்சி போட்டு ஒட்டச் சொல்லுங்கள், வெட்டு விளிம்போடு சமமாக. மரக்கட்டை வேண்டாம், ஈரத்தில் ஊதும். இதில் இன்னொரு லாபம். சில ஹாபில் ஸ்பிரிங் கிளிப் திறப்பின் சுவரை அழுத்திப் பிடிக்கும். 12 மி.மீ. சுவர் என்றால் கிளிப் கல்லுக்குக் கீழே தாண்டிப் போய் எதையும் பிடிக்காது. அடியில் ஒட்டினால் 24 ஆகிவிடும். உங்கள் கிளிப் எந்தப் பக்கம் வருகிறது என்று பெட்டியைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடியும் கல்லும் ஒரே மட்டமாக வேண்டும் என்று ஆசைப்பட்டால் விட்டுவிடுங்கள். அதற்குச் சுற்றிலும் படி செதுக்க வேண்டும், 12-இல் செதுக்கினால் மிஞ்சுவது பாதிதான்.

வீட்டிலேயே வெட்டுவதாக இருந்தால் தண்ணீர் விட்டு வெட்டச் சொல்லுங்கள், எல்லோரும் நல்ல மாஸ்க் போடட்டும். குவார்ட்ஸ் தூசியில் சிலிக்கா மிக அதிகம், நுரையீரலில் படிந்தால் திரும்பப் போகாது. ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலையிலிருந்து குவார்ட்ஸ் என்கிற இந்தச் செயற்கைக் கல்லையே தடை செய்துவிட்டார்கள், வெட்டுகிறவர்களுக்கு வந்த சிலிகோசிஸ் நோயால்தான்.

மூன்றாம்_ஃபேஸ்:

கல்லைப் பற்றியே பேசி கரண்டை மறந்துவிட்டீர்களே. நான்கு வளையம் என்றால் பெரும்பாலும் 7 கிலோவாட்டுக்கு மேல் இருக்கும். 230 வோல்ட்டில் அது 30 ஆம்பியரைத் தாண்டும், 16 ஆம்ப் பிளக்கில் செருகுகிற விஷயம் இல்லை. தனி லைன், தனி எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானாக அணைகிற சுவிட்ச்), அதற்கேற்ற தடிமனில் செம்புக் கம்பி. எலக்ட்ரீஷியனைக் கல் வெட்டும் முன்பே கூப்பிடுங்கள். லைன் இழுக்க முடியாது என்றால் சில ஹாபில் மொத்தப் பவரைக் குறைத்து வைக்கிற வசதி இருக்கிறது, நான்கையும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓட்ட முடியாது, அவ்வளவுதான்.

ஹாபைச் சிலிக்கான் போட்டு ஒட்டிவிடாதீர்கள். கூட வருகிற ஃபோம் டேப் போதும். பின்னால் ரிப்பேருக்குக் கழற்ற வருகிறவர் கண்ணாடியை உடைக்காமல் எடுக்க வேண்டாமா?

அரைகுறை_மேஸ்திரி:

எல்லோருக்கும் நன்றி. தயாரித்த நிறுவனத்துக்கு அளவுகளோடு எழுதிக் கேட்டேன், அடியில் துண்டு ஒட்டி, காலியிடமும் விட்டால் பரவாயில்லை என்று எழுத்தில் பதில் வந்தது, உத்தரவாதத்துக்காக எடுத்து வைத்திருக்கிறேன். லைன் இழுத்தாகிவிட்டது. குறுக்குச் சட்டத்துக்குப் பதில் ஆங்கிள். பின்பக்கத்தில் இரண்டு கட்டைகள் திறப்புக்குள் நீட்டிக்கொண்டிருந்தன, அவற்றை எடுத்துவிட்டோம்.

நேற்று ஹாப் இறங்கியது. பக்கத்துக்கு ஒரு நூல் இடம்தான், ஆனாலும் இறங்கியது. ஒரே ஒரு கோளாறு, டிராயரை மூடினால் கடைசி இரண்டு விரற்கடை மூட மாட்டேன் என்றது. ஹாபின் கேபிள் தடுப்புப் பலகைக்குப் பின்னால் தொங்கி டிராயரின் முதுகில் முட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கிளிப் அடித்துச் சுவரோடு ஒட்டினேன், இப்போது மூடுகிறது.

கல்வெட்டு:

பின்கீற்றுக்கு அடியில் துண்டு ஒட்டினீர்களா, இல்லையா? அதைச் சொல்லவே இல்லையே.

அரைகுறை_மேஸ்திரி:

ஒட்டியாச்சு அண்ணா, முன்னும் பின்னும். எபாக்சி காயும் வரை ஒரு நாள் முழுக்க யாரையும் சமையலறைக்குள் விடவில்லை.