பேங்க் ஆக்களுக்கு நடத்துற கொம்ப்ளையன்ஸ் (சட்டவிதி) ட்ரெயினிங்க மாத்தப் போய் நடந்த கதை

கல்லடி அக்கா:
எல்லாருக்கும் தெரிஞ்ச அந்த ஸ்லைட்தான், 68 பக்கம், கறுப்புப்பணம், கேவைசி எண்டுற கஸ்டமர் ஆரெண்டு சரிபாக்கிறது, 2006ஆம் ஆண்டு 6ஆம் இலக்க நிதியியல் கொடுக்கல்வாங்கல்கள் அறிக்கையிடல் சட்டம். நாலு வருசமா நான் வாசிக்க, சனம் போன் நோண்டிட்டு கடைசில சைன் வச்சிட்டுப் போகும். இந்த முறை அதத் தூக்கி எறிஞ்சிட்டு ஒரே ஒரு கதை போட்டன். செங்கலடி வயல்காரர் ஒராள் அறுவடைக் காசு இண்டைக்கு ஒம்பதரை லட்சம், நாளைக்கு ஒம்பது லட்சம் எண்டு போடுறார், இதில பிரச்சினை இருந்தா சிவப்பு மட்டை, இல்லாட்டி பச்சை. ஒரு பொடியன் பச்சையத் தூக்கிக்கொண்டு எழும்பி, "நான்தானே மிஸ் அவங்களுக்குச் சொல்லிக் குடுக்கிற, பத்து லட்சமெண்டா மத்திய வங்கிக்கு ரிப்போர்ட் போகும், பிரிச்சுப் போடுங்கோ எண்டு. வயசான மனுசன், பாவம்" எண்டான். சிரிச்சுக்கொண்டுதான் சொன்னான். ரிப்போர்ட்டுக்குத் தப்பப் பிரிச்சுப் போடுறதுதான் நாங்க பிடிக்க வேண்டிய பிழையே. பின்வரிசையில ஏரியா மனேஜர். ஹோலே கப்சிப், மறுகா அந்தப் பச்சை மட்டை மெல்ல மெல்ல இறங்கிச்சு. அடுத்த மாசமே இடமாத்தம். பழைய ஸ்லைட்டயே வாசிச்சிருந்தா தப்பியிருப்பான்.

அக்கரைப்பற்று:
தப்பியிருப்பானா? ஓடிட்ல, கணக்காய்வில, புடிபட்டா இடமாத்தத்தோட நிக்குமா கா? நீங்க செஞ்சது சரிதான். நாங்க கஹூட் எண்டுற போன் குவிஸ் விளையாடினம், கெதியா அமத்துற ஆளுக்குப் புள்ளி கூட. முதலாவதா வந்தது ட்ரைவர் நானா. "கேள்விய எங்க வாசிச்ச, சிவப்ப அமத்தின" எண்டார். பிளாஸ்க் ஒண்டு பரிசு.

கல்முனை:
கேக்காமலே சொல்றன், கோவிக்க வேணாம். ஆர் சொன்ன எண்டு தெரியிற விளையாட்ட மனேஜர் இருக்கிற இடத்தில செய்யவே கூடாது. துண்டில எழுதிப் பெட்டில போடச் சொல்லி நீங்களே எடுத்து வாசிங்க. அடுத்தது, பத்து லட்சம் பத்து லட்சம் எண்டு சொல்லச் சொல்ல ஆக்களுக்கு அந்தக் கோடு மட்டும்தான் மண்டையில நிக்கும், அதுக்குக் கீழ எண்டாலும் சந்தேகம் வந்தா அறிவிக்கோணும் எண்டது மறந்து போகும். அறிவிச்சத கஸ்டமருக்குச் சொல்லவும் கூடாது, சட்டப்படி குற்றம். அத ரெண்டு பேர நிப்பாட்டி நடிக்க வைங்க, ஒராள் கஸ்டமராகி "என்ட காசப் பத்தி மேல சொன்னியா தம்பி" எண்டு கேட்டுக்கொண்டே இருக்கோணும், மத்த ஆள் சமாளிக்கோணும். எங்கட ஆள் மூணாவது தரமே "ஓம் ஐயா, நேத்துத்தான் அனுப்பின" எண்டு போட்டார்.

கல்லடி அக்கா:
பிளாஸ்க்குக்கு சிரிச்சிட்டன். பெட்டி அடுத்த முறைக்கு. அந்தப் பொடியன்ட நம்பர் போன்ல கிடக்கு, இன்னும் எடுக்கல்ல.