மிதக்கும் கல்லும் மூழ்கும் கல்லும் ஒரே இடத்திலிருந்தா வருகின்றன?

கேள்வி

வணக்கம். என் மேசையில் இரண்டு கற்கள் இருக்கின்றன. ஒன்று கருமையான, கனத்த பசால்ட். மற்றது வெளிறிய நுரைக்கல், நீரில் இட்டால் மிதக்கிறது. இரண்டும் எரிமலை தந்தவைதாம். பூமிக்கடியில் இருப்பது ஒரே நெருப்புக் கடல் என்றால், இவ்வளவு வேறுபாடு எப்படி வருகிறது? மேலும், பாடநூல் ஒரு பக்கத்தில் கேடய எரிமலை, கூட்டு எரிமலை, தழல் கூம்பு என்றும், அடுத்த பக்கத்தில் செயல்படும், உறங்கும், தணிந்த என்றும் பிரிக்கிறது. எந்தப் பிரிவை நம்புவது?

மறுமொழி 1

நெருப்புக் கடல் என்பதை முதலில் மறந்துவிடுங்கள். மேலோட்டுக்குக் கீழுள்ள கவசம் பெரும்பாலும் திடப்பாறையே. சில இடங்களில் மட்டுமே அது உருகுகிறது. கடலடி மலைத்தொடர்களில் புவித் தட்டுகள் (பூமியின் வெளிப்புறத்தைப் போர்த்திய பெரும் பாறைப் பலகைகள்) விலகும்போது அடியிலுள்ள சூடான பாறை மேலெழுகிறது. அழுத்தம் குறைவதால், புதிதாக வெப்பம் சேராமலேயே உருகிவிடுகிறது. ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் அமிழும் இடங்களிலோ, அமிழும் தட்டிலிருந்து வெளியேறும் நீர் மேலுள்ள பாறையின் உருகுநிலையைத் தாழ்த்துகிறது. பசிபிக்கைச் சூழ்ந்த எரிமலைத் தொடரான நெருப்பு வளையத்தில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

ஹவாயில் வரும் பசால்ட் குழம்பில் சிலிக்கா (சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள்) ஏறத்தாழ 50 சதவீதம். 1,100 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக, இளகி ஓடுவதால் அதிலுள்ள வாயு எளிதில் வெளியேறிவிடும். மேலோட்டுக்குள் நெடுங்காலம் தேங்கும் குழம்பு அப்படியல்ல. குளிரக் குளிரச் சிலிக்கா குறைந்த படிகங்கள் பிரிந்துபோக, மிஞ்சும் குழம்பில் சிலிக்காவின் பங்கு கூடி, அது மேலும் மேலும் கெட்டியாகிறது. சிலிக்கா 70 சதவீதத்தையும் தொடலாம். அது மேலேறுகையில் அழுத்தம் தளர்ந்து, கரைந்திருந்த நீராவி குமிழ்களாகப் பருத்து, வெளியேற வழியின்றிக் குழம்பையே நுரையாக்கிச் சிதறடிக்கிறது. உங்கள் நுரைக்கல்லை உருப்பெருக்கியில் பாருங்கள்: ஒவ்வொரு துளையும் ஒரு குமிழ் இருந்த இடம். அந்தக் குமிழ்ச் சுவர்கள் நொறுங்கிய கண்ணாடித் துகள்களே எரிமலைச் சாம்பலின் பெரும்பகுதி. விறகுச் சாம்பலுக்கும் அதற்கும் உறவே இல்லை.

மறுமொழி 2

மேலே சொன்னதில் ஒரு திருத்தம். இளகிய பசால்ட்டும் நீரைச் சந்தித்தால் வெடிக்கும். 1963-இல் ஐஸ்லாந்துக்குத் தெற்கே கடலுக்குள்ளிருந்து சர்ட்சி தீவு எழுந்தது அத்தகைய வெடிப்புகளோடுதான்.

வகைப்பாட்டைப் பொறுத்தவரை, வடிவம் என்பது விளைவு. இளகிய குழம்பு பரந்து ஓடி ஹவாயின் மௌனா லோவா போன்ற கேடய எரிமலையை எழுப்புகிறது. கெட்டிக் குழம்பும் சாம்பலும் மாறிமாறிப் படிந்து பிலிப்பைன்ஸின் மாயோன் மலை போன்ற செங்குத்தான கூட்டு எரிமலையாகின்றன. வெளியே எறியப்பட்ட தழல் துண்டுகள் வாயைச் சுற்றிக் குவிந்தால் தழல் கூம்பு. மெக்சிகோவில் 1943-இல் ஒரு சோளக்கொல்லையில் பிறந்த பாரிகுடின் தழல் கூம்பு, 1952-இல் ஓய்ந்தபோது 400 மீட்டருக்கு மேல் உயர்ந்திருந்தது.

‘உறங்கும்’ என்ற சொல்லை நான் அவ்வளவாக நம்புவதில்லை. பிலிப்பைன்ஸின் பினதூபோ சுமார் 500 ஆண்டுகள் அமைதியாக இருந்துவிட்டு, 1991 ஜூன் 15 அன்று அந்த நூற்றாண்டின் மிகப்பெரிய வெடிப்புகளுள் ஒன்றாக வெடித்தது.

வெடிப்பின் அளவைக் குறிக்க 1982-இல் எரிமலை ஆய்வாளர்கள் நியூஹாலும் செல்ஃபும் வகுத்த வெடிப்புக் குறியீடு இருக்கிறது. அது முதன்மையாக வெளியே எறியப்பட்ட பொருளின் கன அளவைக் கணக்கிடுகிறது. 2-க்கு மேல் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் (1980) 5, பினதூபோ 6, இந்தோனேசியாவின் தம்போரா (1815) 7.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. அப்படியானால் குறியீடு உயர உயர உயிரிழப்பும் உயரும் என்று கொள்ளலாமா?

மறுமொழி 2

கொள்ள முடியாது. 5 என்று மதிப்பிடப்பட்ட செயின்ட் ஹெலன்ஸில் இறந்தவர்கள் 57 பேர். கொலம்பியாவின் நெவாதோ டெல் ரூயிஸ் 1985 நவம்பர் 13 அன்று வெடித்தது. அதன் குறியீடு வெறும் 3. ஆனால் உச்சியிலிருந்த பனி உருகி, சாம்பலோடு கலந்து, பள்ளத்தாக்குகள் வழியே சேற்றோட்டமாக இறங்கியது. சுமார் இரண்டரை மணி நேரத்தில் அது அர்மேரோ நகரை அடைந்தது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1845-இல் அதே மலையிலிருந்து இறங்கிய சேற்றோட்டத்தின் படிவின் மேல்தான் அந்நகரம் கட்டப்பட்டிருந்தது.