அப்பாவோட பழைய ஃப்ளாப்பி டிஸ்க், ட்ரைவ்ல போட்டா கீச்சுனு சத்தம் வருது, உதவி வேணும்

ஈசூன்_பொண்ணு:
வணக்கம். அப்பா போன வருஷம் தவறிட்டாங்க. சிங்கப்பூர் ஈசூன் வீட்டு பாம் ஷெல்டர (குண்டுவீச்சு பாதுகாப்பு அறை) காலி பண்ணும்போது ஒரு பிஸ்கட் டின்ல 23 ஃப்ளாப்பி டிஸ்க் கெடச்சுச்சு, எல்லாமே 3.5 இன்ச், ஸ்டிக்கர்ல அப்பா கையெழுத்துல 'சிறுகதை', 'வானொலி நாடகம் 1996'னு எழுதியிருக்கு. ஆன்லைன்ல யூஎஸ்பி ஃப்ளாப்பி ட்ரைவ் ஒன்னு வாங்கினேன். மொத ரெண்டு டிஸ்க் நல்லா ஓப்பன் ஆச்சு, மூணாவது போட்டதும் தகரத்த நகத்தால கீறுற மாதிரி சத்தம், உடனே எடுத்துட்டேன். இப்ப மொத டிஸ்க்க திரும்ப போட்டா அதுவும் ஓப்பன் ஆகல, ஃபார்மட் பண்ணவானு கேக்குது. போனது ட்ரைவா டிஸ்க்கா? மாமா வீட்ல பழைய பிசில இருந்து கழட்டின ட்ரைவ் ஒன்னு இருக்கு, அதுல போட்டுப் பாக்கவா?

பழைய_பிசி_அண்ணன்:
தங்கச்சி, அப்பா விஷயம் கேட்டு மனசு கஷ்டமா இருக்கு. மொதல்ல ஃபார்மட் வேணாம்னு சொல்லிட்டு எல்லாத்தையும் அப்படியே நிறுத்துங்க, மாமா ட்ரைவையும் தொடாதீங்க.

ஹெட்னா டிஸ்க்க படிக்கிற முனை. ஹார்ட் டிஸ்க்ல ஹெட் மேல மிதக்கும், ஃப்ளாப்பில அப்படி இல்ல, ரெண்டு ஹெட்டும் ரெண்டு பக்கமும் டிஸ்க்க தொட்டுக்கிட்டே இருக்கும், டிஸ்க் நிமிஷத்துக்கு 300 சுத்து சுத்தும். நம்ம ஊரு ஈரப்பதத்துக்கு டின்ல கெடந்த டிஸ்க்ல பூஞ்சை பிடிக்காம இருந்தாதான் ஆச்சரியம். அந்த மூணாவது டிஸ்க்கோட பூஞ்சை ஹெட்ல ஒட்டியிருக்கும், இனிமே நல்ல டிஸ்க்க போட்டா அதையும் சொரண்டிடும். ஒரு டிஸ்க் ட்ரைவ கெடுக்கும், அந்த ட்ரைவ் அடுத்த டிஸ்க்க கெடுக்கும், இப்படியே 23ம் போயிடும்.

அதனால ஒவ்வொன்னா கண்ணால பாருங்க. இரும்பு மூடிய ஓரமா தள்ளிப் புடிச்சுக்கிட்டு பின்பக்கம் நடுவுல இருக்கிற உலோக வட்டத்த வெரலால மெதுவா சுத்துங்க, டார்ச்ச சாய்ச்சு அடிங்க. ரொட்டில வர்ற மாதிரி வெள்ளப் புள்ளி தெரிஞ்சா தனியா வைங்க. வட்டமா கோடு விழுந்து அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிஞ்சா அங்க டேட்டா பதியுற பூச்சு உரிஞ்சிடுச்சுனு அர்த்தம், அந்த எடத்துல இருந்தது திரும்ப வராது. மாஸ்க் போட்டுக்குங்க, பூஞ்சைய மூச்சுல இழுக்காதீங்க.

ஹவ்காங்_டெக்:
அண்ணன் சொன்னது சரி. ஹெட் க்ளீன் பண்றதுக்கு யூஎஸ்பி வயர புடுங்கிட்டு மேல் மூடிய கழட்டுங்க. 99% ஐசோப்ரோப்பில் ஆல்கஹால் வேணும், கைக்குத் தடவுற சானிடைசர் கூடாது, அதுல தண்ணியும் பிசுபிசுப்பும் இருக்கும். காது குடையுற பஞ்சும் வேணாம், நார் ஹெட்ல மாட்டும், நுரை வச்ச குச்சி வாங்குங்க. கீழ் ஹெட் உறுதியா இருக்கும், மேல் ஹெட் மெல்லிசான தகட்டுல தொங்கும், அதை குச்சி நுழையுற அளவு மட்டும் தூக்குங்க. ஜாஸ்தி தூக்கினா தகடு வளைஞ்சு ரெண்டு ஹெட்டும் நேர்கோட்டுல இருக்காது, அப்புறம் அந்த ட்ரைவ் அவ்ளோதான். ஹெட்ட நகத்துற ஸ்டெப்பர் மோட்டார் ஸ்க்ரூவ மட்டும் தொடவே தொடாதீங்க, ஒரு ட்ராக்குக்கும் (டிஸ்க்ல டேட்டா பதிஞ்சிருக்கிற வட்டக் கோடு) அடுத்ததுக்கும் நடுவுல 0.19 மில்லிமீட்டர்தான், ஒரு மயிரிழை நகந்தாலும் படிக்காது.

மாமா ட்ரைவ வச்சுக்குங்க, அது 34 பின் கேபிள் ட்ரைவா இருந்தா அந்த மாதிரி ட்ரைவ யூஎஸ்பி வழியா கம்ப்யூட்டரோட இணைக்கிற கிரீஸ்வீசல்னு ஒரு சின்ன போர்டு வாங்கி மாட்டலாம், யூஎஸ்பி ட்ரைவ் கைவிட்ட டிஸ்க்க கூட பல தடவ அது படிச்சுக் குடுத்திருக்கு. பவர் ப்ளக்க மாட்டும்போது கவனம், சின்ன 4 பின் ப்ளக் ஒரு பின் தள்ளி உக்காந்துட்டா போகக்கூடாத எடத்துக்கு 12 வோல்ட் போயி ட்ரைவ் கருகிடும்.

தேக்கா_குமார்:
ஹெட் க்ளீனிங் டிஸ்க்னு விப்பாங்களே, அது போதாதா? எதுக்கு ட்ரைவ தொறக்கணும்?

ஹவ்காங்_டெக்:
தூசிக்கு சரி ப்ரோ. பூஞ்சை காஞ்சு ஒட்டியிருந்தா அது எடுக்காது, காஞ்ச டைப் க்ளீனர் ஹெட்டையே தேய்க்கும்.

ஈசூன்_பொண்ணு:
அண்ணே, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. மூணாவது டிஸ்க்ல ஓரம் பூரா வெள்ளையா இருக்கு, 23ல 6 அப்படித்தான். ஹெட்ல பழுப்புக் கலர்ல கோடு மாதிரி ஒட்டியிருந்துச்சு, நாலு குச்சி அழுக்கானப்புறம்தான் சுத்தமாச்சு. மொத டிஸ்க் திரும்ப ஓப்பன் ஆயிடுச்சு!! ஆனா ஃபைல தொறந்தா தமிழே இல்ல, கோணல்மாணலா வேற எழுத்தா வருது.

பழைய_பிசி_அண்ணன்:
அது கெட்டுப் போகல, பயப்படாதீங்க. இப்ப எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவா இருக்கிற யூனிகோட் எழுத்து முறை அப்போ புழக்கத்துல இல்ல, கணியன், முரசு அஞ்சல்னு தமிழ் டைப் பண்ற சாஃப்ட்வேர்கள வச்சு ஒவ்வொருத்தரும் ஒரு எழுத்துருவுல அடிச்சாங்க. அப்பா எதுல அடிச்சாருனு தெரிஞ்சா மாத்திடலாம், அதே டின்ல எழுத்துரு டிஸ்க்கும் இருக்கானு தேடுங்க. இப்போதைக்கு எந்த ஃபைலையும் தொறந்து சேவ் பண்ணாதீங்க. டிஸ்க் மூலைல சின்ன ப்ளாஸ்டிக் இருக்கும், அதை ஓட்டை தெரியுற மாதிரி தள்ளி விட்டா ட்ரைவால எழுத முடியாது. அப்புறம் நல்லா இருக்கிற 17ஐயும் ஒவ்வொன்னா முழு இமேஜா (டிஸ்க் முழுசையும் அப்படியே ஒரே ஃபைலா காப்பி) எடுத்து ரெண்டு எடத்துல வைங்க, ஒன்னு 1.44 எம்பிதான். அந்த 6ஐ கடைசியா பாக்கலாம். ஒரு ஃபைலோட முதல் நாலு வரிய அப்படியே இங்க காப்பி பண்ணிப் போடுங்க, எந்த எழுத்துருனு பாத்துச் சொல்றேன்.