80,000 ரூபாய் பாக்கியை வேறு கார்டுக்கு மாற்றினேன்: என் கணக்கு

அப்பாவின் கண் அறுவை சிகிச்சை, அதற்கு முன்னால் தங்கையின் கல்யாணம். இரண்டுக்கும் கிரெடிட் கார்டைத் தேய்த்ததில் 80,000 ரூபாய் பாக்கி நின்றுவிட்டது. மாதாமாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகையை (மினிமம்) மட்டும் கட்டிக்கொண்டு வந்தேன். ஒரு ராத்திரி ஸ்டேட்மென்ட்டை விரித்து வைத்து, பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தேன். மாத வட்டி 3.5 சதவீதம், அதாவது 2,800. அந்த வட்டிக்கு ஜிஎஸ்டி 504. நான் கட்டுகிற 4,000-ல் 3,304 அங்கேயே போய்விடுகிறது. அசலில் கழிவது வெறும் 696 ரூபாய்! அன்றைக்குத் தூக்கமே வரவில்லை.

அப்புறம்தான் பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர், அதாவது ஒரு கார்டின் பாக்கியைக் குறைந்த வட்டிக்கு வேறு பேங்க் கார்டுக்கு மாற்றுவது பற்றி விசாரித்தேன். ஒரு பேங்க்கில் "மாசம் 0.99 சதவீதம்தான் மேடம்" என்றார்கள். இன்னொன்றில் 1.5 சதவீதம். முதலாவதற்குச் சரி சொல்லியிருப்பேன். நல்லவேளை, "12 மாசத்துக்கு மொத்த வட்டி எத்தனை ரூபாய்?" என்று கேட்டேன். 9,504 என்றார்கள். இரண்டாவது பேங்க்கில் 8,013 தான். காரணம் இதுதான்: 0.99 என்பது ஃபிளாட் ரேட். கடைசித் தவணை வரை முழு 80,000-க்கும் வட்டி போடுவார்கள். 1.5 என்பது குறைந்துகொண்டே வரும் அசலுக்கு மட்டும். கணக்குப் போட்டால், அந்த 0.99 வருடத்துக்கு 21 சதவீதத்தைத் தாண்டுகிறது, 1.5 வருடத்துக்கு 18 தான். சதவீதத்தை விட்டுவிடுங்கள், மொத்த ரூபாயைக் கேளுங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன்.

1.5-லேயே மாற்றினேன். பிராசசிங் கட்டணம் 2 சதவீதம், ஜிஎஸ்டியோடு 1,888. வட்டி 8,013, அதற்கு ஜிஎஸ்டி 1,442. ஆக மொத்தம் 11,343 செலவு. பழைய கார்டிலேயே வைத்து ஒரு வருடத்தில் அடைத்திருந்தால் 23,000-க்கு மேல் போயிருக்கும்.

ஒன்றை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. பணம் போய்ச் சேர்ந்த அடுத்த மாதமும் பழைய கார்டில் 1,955 ரூபாய் பில் வந்தது. ஸ்டேட்மென்ட் தேதிக்கும் பணம் வரவான தேதிக்கும் நடுவில் இருந்த 18 நாள் வட்டி, ஜிஎஸ்டியோடு. ஜீரோ ஆகிவிட்டது என்று அந்தக் கார்டைப் பார்க்காமலே விட்டிருந்தால் அதற்கு அபராதமும் ஏறியிருக்கும்.

பதில்:

அக்கா, என்னுடையது 30,000 தான். மூன்று மாதம் வட்டியே இல்லாத திட்டம், கட்டணம் ஜிஎஸ்டியோடு 708. லாபம்தான். ஆனால் தீபாவளிக்கு அதே புதுக் கார்டில் வாஷிங் மெஷின் வாங்கினேன். கார்டில் பாக்கி இருக்கும்போது புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லா நாள் கிடையாதாம். வாங்கிய அன்றிலிருந்தே வட்டி ஓடிவிட்டது. மிச்சம் பிடித்ததில் பாதி அதிலேயே போனது.

பதில்:

சரியாகச் சொன்னீர்கள் தம்பி. நான் புதுக் கார்டை அம்மாவின் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். பழைய கார்டில் அந்த 1,955-ஐக் கட்டி, குளோஸ் பண்ண எழுதிக் கொடுத்தேன். பாக்கி எதுவும் இல்லையென்றால் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்பது 2022-ல் வந்த ரிசர்வ் வங்கி விதி. அதைக் கடிதத்திலேயே குறிப்பிட்டேன். ஐந்தாம் நாள் மூடிவிட்டார்கள்.