ராத்திரி சார்ஜ் போட்டால் ஈபி பில் குறையுமா?

அஸ்தம்பட்டிவாசி:
எலக்ட்ரிக் கார் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. வீட்டில் 16 ஆம்பியர் பாயிண்டில்தான் சார்ஜ். நடுராத்திரியில் போட்டால் கரண்ட் பாதி விலை என்று வெளிநாட்டு வீடியோ ஒன்றில் பார்த்து, நானும் தினமும் பதினொன்றரைக்கு டைமர் வைத்துத் தூக்கத்தில் எழுந்து எழுந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் இரண்டு மாதத்துக்கு 340 யூனிட், 893 ரூபாய் வரும். இந்த முறை 590 யூனிட், 2,796 ரூபாய். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடுகிறது, வாரம் ஒருமுறை ஏற்காடும் அதில் சேர்த்தி. எங்கே தப்பு செய்கிறேன்?

கோரிமேடு85:
தப்பு உங்கள் மேல் இல்லை நண்பரே. நம் வீட்டு இணைப்பில் பகல் யூனிட்டும் ராத்திரி யூனிட்டும் ஒரே விலைதான். பார்க்க வேண்டியது கடிகாரத்தை இல்லை, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்ற எல்லையை. 2024 ஜூலை கட்டணப்படி 500-க்குள் நின்றால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய். 500-ஐத் தாண்டினால் அந்த நூறு யூனிட்டும் 4.70-க்கு ஏறிவிடும், அதாவது 501-வது யூனிட் ஓடியதுமே 235 ரூபாய் கூடிவிடும், அதற்கு மேல் 600 வரை ஓடுவதெல்லாம் 8.40. சரியாக 500-இல் நின்றிருந்தால் உங்கள் பில் 1,805 தான். கடைசி 90 யூனிட்டுக்கு மட்டும் 991 ரூபாய், யூனிட் 11 ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள்! வழக்கமான 340-க்கு மேல் 500 வரை, முதல் 160 யூனிட் காருக்குப் போனது சராசரியாக 5.70 விலையில்தான். அந்த 90 யூனிட்டை வேலை செய்யும் இடத்தில் போட வழியிருக்கிறதா என்று கேளுங்கள். அப்புறம் ரீடிங் எடுத்த தேதியைக் குறித்து வைத்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் மீட்டரை ஒரு போட்டோ எடுங்கள். பாஸ்ட் சார்ஜருக்கு ஓடாதீர்கள், அங்கே பெரும்பாலும் இதைவிடக் கூடுதல்தான் ஆகும்.

மலைப்பாதை20:
ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். மேலே வரும் முன் வீட்டிலேயே போதுமான அளவு ஏற்றிக்கொள்ளுங்கள், இங்கே வந்து நூறு சதவீதம் நிரப்பிவிட்டு இறங்காதீர்கள். பேட்டரி நிறைந்திருந்தால் இறக்கத்தில் பிரேக் வழியாகத் திரும்ப வரும் கரண்டை அது வாங்காது, அத்தனையும் பிரேக்கில் சூடாகப் போய்விடும், இருபது கொண்டை ஊசி வளைவிலும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குவது ஆபத்தும்கூட. ஒன்றரை டன் காரை இவ்வளவு உயரம் தூக்கவே ஏறத்தாழ ஐந்து யூனிட் வேண்டும், இறங்கும்போது அதில் ஒரு நல்ல பங்கு திரும்பி வருகிறது. அதை விடாதீர்கள்.

சோலார்வீடு:
டைமரைக் கழற்ற வேண்டாம் தம்பி. சேலம் வெயிலில் ஓடிவந்த பேட்டரி ஆறிய பிறகு சார்ஜ் ஆவது அதன் ஆயுளுக்கு நல்லது, சாயங்காலம் தெருவே ஏசி போடும் நேரத்தில் நம் லோடும் சேராது. ஆனால் நேரத்தை வைத்து விலை வீட்டுக்கும் வந்தால் மலிவாகப்போவது ராத்திரி இல்லை, பகல். மத்திய அரசின் 2023 விதிகள் சூரிய ஒளி நேரத்துக்குக் குறைந்தது 20 சதவீதம் குறைக்கச் சொல்கின்றன. பொது சார்ஜிங் நிலையங்களுக்கான 2024 வழிகாட்டுதலிலும் காலை 9 முதல் மாலை 4 வரைதான் குறைந்த விலை.

அஸ்தம்பட்டிவாசி:
எல்லோருக்கும் நன்றி அண்ணா. கடை ஓனரிடம் கேட்டேன், யூனிட்டுக்கு எட்டு ரூபாய் கொடுத்தால் பகலில் போட்டுக்கொள்ளச் சொன்னார். இந்த முறை மீட்டர் 450 தொட்டதும் மீதியெல்லாம் அங்கேதான்.