“பால் போதவில்லை” என்ற பேச்சோடு கழிந்த ஓராண்டு

என் மகள் பிறந்த மூன்றாம் நாள் இரவு விடாமல் அழுதபோது, “பால் போதவில்லை போலிருக்கிறது, புட்டிப்பால் கொடுத்துவிடலாமே” என்று என் மாமியார் சொன்னார். அதன் பிறகு அதே பேச்சை எத்தனை பேரிடம் கேட்டேன் என்பதற்குக் கணக்கில்லை. நானே என் கணவரிடம் பலமுறை அதைச் சொல்லி அழுதிருக்கிறேன்.

மாமியார் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. சீம்பால் சிறிதளவே சுரக்கும் என்பதும், முதல் சில நாள்களில் குழந்தையின் எடை சற்றுக் குறைவது இயல்பே என்பதும் எனக்கு முன்பே தெரிந்திருந்தன. ஆனால் ஐந்தாம் நாள் எடை பார்த்தபோது, பிறந்த எடையில் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. நான் பால் கொடுப்பதைச் சற்று நேரம் கவனித்த தாய்ப்பால் ஆலோசகர், குழந்தை காம்பை மட்டும் சப்புகிறதே தவிர, அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தை வாய்க்குள் வாங்கவில்லை என்றார். என் காம்புகள் வெடித்துப் புண்ணானதற்கும், ஒரு மணி நேரம் குடித்த பிறகும் அவள் பசியோடு அழுததற்கும் காரணம் அதுதான். அவள் வாயை அகலத் திறக்கும் வரை காத்திருந்து, மோவாய் முதலில் மார்பில் படும்படி அணைத்துக்கொள்ள எனக்குச் சில நாள்கள் பிடித்தன. அதுவரை பாலைக் கறந்து சிறு கரண்டியால் புகட்டினோம். இரண்டு வாரம் முடிவதற்குள் பிறந்த எடையை எட்டிவிட்டாள்.

ஆறாவது வாரத்தில் வந்த அச்சத்துக்கு அந்தப் பாதி உண்மைகூட இல்லை. மாலை முழுவதும் அரை மணிக்கு ஒருமுறை பாலுக்கு அழுதாள். கல்லாய்க் கனத்துக்கொண்டிருந்த மார்பும் தளர்ந்துவிட்டதால், பால் வற்றிவிட்டது என்றே முடிவுகட்டினேன். மருத்துவர் கேட்டது ஒன்றே ஒன்று: 24 மணி நேரத்தில் எத்தனை முறை சிறுநீர் கழிக்கிறாள்? ஏழெட்டு முறை என்றேன். ஆறு முறைக்குக் குறையாமல் கழித்து, எடையும் ஏறிவந்தால் பால் போதுகிறது என்றும், மார்பு தளர்வது குழந்தையின் தேவைக்கேற்பச் சுரப்பு சீராகிவிட்டதன் அடையாளம் என்றும் விளக்கினார். உள்ளே தேங்கும் பால் சுரப்பைக் குறைக்கும், குடித்து வெளியேறும் பால் சுரப்பைக் கூட்டும் என்ற இந்த எளிய கணக்கைப் பேறுகாலத்துக்கு முன்பே யாராவது சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

ஆறு மாதம் முடிந்து வேலைக்குத் திரும்பியபோது, பம்பு வைத்துக் கறந்தால் 60 மில்லியைத் தாண்டவில்லை. குழந்தை உறிஞ்சி எடுக்கும் அளவுக்குக் கருவியால் எடுக்க முடியாது என்பதை அதற்குள் அறிந்திருந்ததால் கலங்கவில்லை. ஏழாம் மாதம் ஒரு பக்கம் பால் கட்டிச் சிவந்து, குளிர்காய்ச்சல் வந்தது. நிறுத்திவிடச் சொல்வார்கள் என்று எண்ணிப் போன எனக்கு, மருத்துவர் மாத்திரை எழுதித் தந்து, அந்தப் பக்கத்திலும் தொடர்ந்து பால் கொடுக்கச் சொன்னார். பல் முளைத்த பின் வாங்கிய கடிகளைப் பற்றி எழுதப் போவதில்லை, அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

* * *

மேலே எழுதிய சகோதரிக்கு: எனக்கு அந்தப் பேச்சு முழு உண்மையாகவே அமைந்தது. பல ஆண்டுகளுக்கு முன் செய்துகொண்ட மார்பு அறுவை சிகிச்சையில் பால் நாளங்கள் சில துண்டிக்கப்பட்டிருந்தன. எவ்வளவு முறை கொடுத்தாலும், எப்படி அணைத்தாலும், என் மகனின் எடை ஏறவில்லை. சிறுநீரும் நாளுக்கு மூன்று முறைதான். மூன்றாம் வாரத்திலிருந்து, ஒவ்வொரு முறையும் முதலில் மார்பில் கொடுத்துவிட்டுப் பிறகு புட்டிப்பாலும் கொடுத்தேன். முயற்சி போதாது என்று என்னிடம் சொன்னவர்கள், அவன் எடை பார்க்கும் நாளில் ஒருவரும் உடன் வந்ததில்லை. இப்போது அவனுக்குப் பதினொரு மாதம். புட்டியைக் காலி செய்த பிறகும், உறங்குவதற்கு முன் என்னிடம் வந்து ஐந்து நிமிடம் குடித்துவிட்டுத்தான் கண் மூடுகிறான்.